பரிசோதனையில் தெரியாத நெஞ்செரிவு: இடம்பெயர்ந்தோரின் மனநலம் குறித்த ஒரு கேள்விக்குப் பதில்

கனடாவில் வசிக்கும் ஒருவர் தம் தாயாரைப் பற்றி எழுதியிருக்கிறார். தாயாருக்கு இப்போது 64 வயது. இலங்கைப் போரின்போது 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து வெளியேறித் தென்மராட்சி வழியாக வன்னிக்குச் சென்றவர், 2008க்குப் பிறகு மேற்கிலிருந்து கிழக்காக ஊர் ஊராக நகர்ந்து, 2009 மே மாதத்தில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமை அடைந்து, 2010இல் கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறியிருக்கிறார். இளைய மகனைப் பற்றி அந்த மே மாதத்திற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. இப்போது தாயாருக்கு நெஞ்செரிவு, உடம்பு முழுவதும் உளைவு, தலையிடி, அதிகாலை இரண்டு மணிக்கு மேல் நித்திரை இல்லை. இரத்தம், இருதயம், வயிறு என்று எல்லாப் பரிசோதனைகளும் செய்தாகிவிட்டன. எல்லாம் சரி என்கிறார்கள். கதவோரத்தில் எப்போதும் ஒரு பை கட்டித் தயாராக வைத்திருக்கிறார். கேள்விகள் மூன்று. இது பி.ரி.எஸ்.டி. (கொடிய அனுபவங்களுக்குப் பின் வரும் மனவடு நோய்) தானா? இத்தனை ஆண்டுகள் கழித்து வைத்தியம் செய்து பயன் உண்டா? தாயாரைக் கனடாவுக்கே அழைத்துக்கொள்வது நல்லதல்லவா?

ஒருவரை நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது முறையல்ல. ஆகவே உங்கள் தாயாருக்கு என்ன நோய் என்று நான் இங்கே தீர்ப்பெழுதப் போவதில்லை. ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் காட்சி வடக்கில் உளசமூகப் பணி செய்த எவருக்கும் பழக்கமானது. அதில் பி.ரி.எஸ்.டி. என்ற சொல்லுக்குள் அடங்குவதைவிட அடங்காமல் வெளியே நிற்பதே அதிகம் என்பது என் எண்ணம். அந்த வெளியே நிற்கும் பகுதியைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதப் போகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று யாழ்ப்பாணத்தில் நாங்கள் எழுதும் இந்த நோய்க்குச் சில தெளிவான அடையாளங்கள் உண்டு. நடந்து முடிந்த கொடுமை இப்போதே மீண்டும் நடப்பதுபோல் கனவிலும் விழிப்பிலும் வந்து வந்து போவது, அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் பேச்சையும் விலக்கி நடப்பது, கதவு படாரென்று சாத்தினாலும் உடம்பு தூக்கிவாரிப் போடும் அளவுக்கு எப்போதும் உஷாராக இருப்பது ஆகியவை முக்கியமானவை. இவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் நோய் என்ற பெயர் பொருந்தும். கதவோரத்துப் பையை மூன்றாவது அடையாளத்தில் சேர்க்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. பத்து முறை இடம்பெயர்ந்த ஒருவருக்கு, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் காணி உறுதியும் ஒரே பையில் இருப்பது நோயல்ல, அனுபவம் கற்றுக்கொடுத்த புத்தி. அந்தப் பையைத் தவறவிட்டவர்கள் பிறகு ஒரு பிரதியை எடுப்பதற்காக மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் பிரதேச செயலகத்திற்கும் எத்தனை தரம் நடந்தார்கள் என்பதை உங்கள் தாயார் கண்ணால் பார்த்திருப்பார். பை இருப்பது பிரச்சினையில்லை. பை இல்லாமல் ஓர் இரவு உறவினர் வீட்டில் தங்க அவரால் முடிகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஆய்வுகள் சொல்வதையும் பார்க்கலாம். 2009 ஜூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 குடும்பங்களிடம் நடத்தப்பட்டு, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஓர் ஆய்வு உண்டு. அதில் மனவடு நோயின் அறிகுறிகள் காணப்பட்டவர்கள் 7 விழுக்காட்டினர். பதகளிப்பு, அதாவது தமிழ்நாட்டில் பதற்றம் என்று எழுதப்படுவது, 32.6 விழுக்காட்டினரிடமும், மனச்சோர்வு 22.2 விழுக்காட்டினரிடமும் இருந்தது. எவ்வளவு பெரிய இடைவெளி என்று பாருங்கள். வெளியுலகம் போரால் பாதிக்கப்பட்டவர் என்றதும் மனவடு நோயைத்தான் தேடுகிறது. மக்களோ அதைவிடப் பல மடங்கு அதிகமாகப் பதகளிப்பிலும் சோர்விலும் கிடக்கிறார்கள். அந்த ஆய்வு நடந்தபோது முகாம்களில் இருந்தவர்களுக்கு, இடம்பெயராமல் நெடுங்காலம் அங்கேயே வாழ்ந்தவர்களைவிட மனச்சோர்வு அறிகுறிகளுக்கான வாய்ப்பு நாலரை மடங்குக்கு மேல் இருந்தது.

இங்கே ஒரு நுணுக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் அனுபவித்த கொடுமைகளின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, இடம்பெயர்வு என்ற காரணம் தனித்து நிற்கவில்லை என்று அதே ஆய்வு கூறுகிறது. அதாவது இடம்பெயர்ந்தவர்கள் அதிகம் துன்பப்பட்டது, அவர்கள் அதிகக் கொடுமைகளைக் கண்டதனால்தான். இதை வைத்து, குண்டுதான் காரணம், இடம்பெயர்வு காரணமல்ல என்று முடிவுகட்டிவிட முடியுமா? இத்தகைய ஆய்வுகளின் வினாக்கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், உணவும் தண்ணீரும் இல்லாமல் இருந்தீர்களா, தங்க இடமில்லாமல் இருந்தீர்களா, சுகவீனத்தில் வைத்தியம் கிடைக்காமல் இருந்தீர்களா, உறவினரைப் பிரிய நேர்ந்ததா என்பவையும் கொடுமைகளின் பட்டியலிலேயே இருக்கும். இவை இடம்பெயர்வின் வேறு பெயர்கள் அல்லாமல் வேறென்ன? தராசின் இரண்டு தட்டிலும் ஒரே பொருளை வைத்துவிட்டு முள் நடுவில் நிற்கிறதே என்று வியப்பதற்கு இது ஒப்பாகும்.

உங்கள் தாயாரின் நெஞ்செரிவுக்கு நெருக்கமான இன்னோர் ஆய்வு புத்தளத்தில் நடந்தது. 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம், கையில் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட பணம் சில நூறு ரூபாய். அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினார்கள். இரண்டு தசாப்தங்களுக்குப் பிறகு அவர்களில் 450 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, பொதுவான மனநோய்களில் ஏதோ ஒன்று 18.8 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. மனவடு நோய் 2.4 விழுக்காடு மட்டுமே. எல்லாவற்றிலும் முன்னால் நின்றது, மனத்துயர் உடல் நோவாக வெளிப்படும் மெய்ப்பாட்டுக் கோளாறு: 14 விழுக்காடு. பரிசோதனையில் பிடிபடாத வலியோடு கிளினிக் வரிசையில் அமர்ந்திருப்பவர் உங்கள் தாயார் மட்டுமல்ல. ஒரு பக்கத்தால் துரத்தப்பட்டவர்களும் மறு பக்கத்தால் முற்றுகையிடப்பட்டவர்களும் ஒரே மாதிரியான உடல்மொழியில்தான் துயரத்தைப் பேசுகிறார்கள்.

ஏன் உடல்மொழி என்று கேட்கலாம். எங்கள் ஊரில் மனம் சரியில்லை என்று ஒருவர் சொன்னால் அடுத்த நிமிடம் விசர், அதாவது பைத்தியம், என்ற சொல் வந்து விழும். மனநோய் மருத்துவமனை இருப்பதால் அங்கொடை என்ற ஊர்ப்பெயரே ஒரு வசையாகிவிட்டது, சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் ஆனதுபோல. நெஞ்சு நோகிறது என்றால் வைத்தியரிடம் போகலாம், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புவார்கள், அயலவர் வந்து பார்ப்பார்கள். இதில் நடிப்பு எதுவும் இல்லை. வலி உண்மையான வலி. நீண்ட காலம் உஷாராகவே இருந்த உடம்பின் தசைகள் இறுகி நோகின்றன, குடல் கலங்குகிறது, நித்திரை கலைகிறது. ஆகவே அம்மா, உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனதில்தான் என்று தொலைபேசியில் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு அது, நீ பொய் சொல்கிறாய் என்றுதான் கேட்கும்.

இனி, இடம்பெயர்வு மனதுக்கு என்ன செய்கிறது என்ற விடயத்துக்கு வருவோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழி, செம்மணிப் பாதைகளால் மழையில் நடந்து வெளியேறினார்கள். அதில் அன்றிரவு செத்துப்போனவை சில உயிர்கள். ஆனால் மறுநாள் காலை இல்லாமற்போனது ஒரு முழு ஒழுங்கு. நீங்கள் எந்த ஊர் என்ற ஒரே கேள்வியில் ஒருவரின் கோயில், பள்ளிக்கூடம், உறவு, தொழில், மதிப்பு எல்லாவற்றையும் அறிந்துகொள்ளும் சமூகம் எங்களுடையது. அந்தக் கேள்விக்கான விடையைத் தொலைத்தவர், முகாமில் ஒரு கூடார இலக்கமாகவும் நிவாரண அட்டையின் ஓர் எண்ணாகவும் மாறுகிறார். நேற்றுவரை சுற்றத்தாருக்குப் பந்தி போட்ட கை இன்று சோற்றுக்கு வரிசையில் நீள்கிறது. இந்த அவமானத்தைப் பற்றி எவரும் வாய் திறந்து பேசுவதில்லை. கேட்டால், அப்ப எல்லாருக்கும் அப்படித்தானே என்று சொல்லிப் பேச்சை மாற்றுவார்கள்.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்று அழைத்தார். காயம் தனி ஆளின் மூளைக்குள் மட்டும் இல்லை, குடும்பத்திலும் அயலிலும் ஊரிலும் இருக்கிறது, நம்பிக்கையும் ஒத்தாசையும் உடைந்துபோய்ச் சந்தேகமும் மௌனமும் பழக்கமாகிவிடுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு இது கோட்பாடாக அல்ல, நடைமுறையாகவே தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குத் தகவல் கொடுப்பவரோ என்ற ஐயத்துடன் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களைக் குழுவாக உட்காரவைத்து, மனம் திறந்து பேசுங்கள் என்றால், காலநிலையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

துக்கத்தின் கதையும் இதனுடன் சேர்ந்தது. சாவுக்கு எங்களிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. பிரேதத்தின் முன்னால் ஒப்பாரி வைத்து அழுவது, எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பிறகு ஆண்டுத் திவசம் என்று துக்கத்தைப் படிப்படியாக இறக்கிவைக்கும் படிகள் அவை. அழுவதற்கும் நிறுத்துவதற்கும் நேரம் குறித்துக் கொடுத்தன. அழுபவரைத் தனியே விடாமல் பத்துப் பெண்கள் சுற்றி இருந்தார்கள். முள்ளிவாய்க்காலை நோக்கி ஓடிய வழியில் பிள்ளையைப் புதைக்கக்கூட நேரம் இல்லாமல் துணியால் மூடிவிட்டு நடந்தவர்களுக்கு இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை. போர் முடிந்த பிறகும் முதல் சில ஆண்டுகளில் பொதுவிடத்தில் கூடி நினைவுகூர்வதற்குத் தடைகள் இருந்தன. போரில் இறந்த புலிகளின் கல்லறைகளான துயிலும் இல்லங்கள் இடித்து அழிக்கப்பட்டன. உளவளத்துணைப் பணிகளுக்கு அனுமதி பெறுவதே பெரும்பாடாக இருந்தது. நேரத்துக்கு அழாத அழுகை எங்கே போகும்?

உங்கள் தாயாரின் நிலைமை இதைவிடவும் கடினமானது. அவருடைய மகன் இறந்ததாகவும் தெரியவில்லை, இருப்பதாகவும் தெரியவில்லை. அமெரிக்க அறிஞர் போலின் போஸ் இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு 1970களிலிருந்து ஆராய்ந்தவர். இதில் உறைந்து நிற்பது துக்கப்படுபவரின் பலவீனத்தால் அல்ல, இழப்பின் தன்மையால்தான் என்பது அவருடைய முக்கியமான கருத்து. படத்துக்கு மாலை போட்டால் மகனைத் தானே கொன்றதுபோல் தாய்க்குத் தோன்றும். போடாவிட்டால் ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கணவரைத் தேடும் பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது: பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் வேறொரு பேச்சு. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைப் பெற முடியும். காணாமற்போனவரின் சொத்துகளைத் தற்காலிகமாக நிருவகிக்க அது உதவும். மகனை இறந்தவனாக ஒப்புக்கொள்ளாமல் நிருவாக அலுவல்களை முடிக்கலாம் என்பதால் இது வெறும் கடதாசி விடயம் மட்டுமல்ல, மனநலத்தோடும் தொடர்புடையது. ஆனால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களுடைய தொடர் போராட்டத்தில் அமர்ந்திருந்த தாய்மாரில் பலர், விடை எதுவும் கிடைக்காமலே இறந்துபோனார்கள். அவர்களிடம் நீங்கள் மனச்சோர்வால் பாதிக்கப்பட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்வது உண்மையில் ஒரு பாதியைத்தான் சொல்வதாகும்.

மறு பாதி அன்றாடச் சுமை. போர்க்கால அனுபவங்களை எவ்வளவு கவனமாக ஆராய்ந்தாலும், இன்றைய கடன், இன்றைய கூலி, இன்றைய வீட்டுச் சண்டை ஆகியவற்றைத் தவறவிட்டால் படம் கோணலாகிவிடும். வடகிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில், பிள்ளைகளின் மனவடுவுக்குப் போர் அனுபவங்களுடன் வீட்டு வன்முறையும் காரணமாக இருப்பது வெளிப்பட்டது. தந்தையின் குடியும் அதனுடன் பின்னியிருந்தது. மீள்குடியேறிய கிராமங்களில் கசிப்பு என்ற கள்ளச் சாராயமும், வாரா வாரம் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் வசூலிப்பவரும் போரை வீட்டுக்குள் தொடரச் செய்தார்கள். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த வலிகாமம் வடக்கின் மக்கள் 1990இலிருந்து கோணப்புலம், சபாபதிப்பிள்ளை போன்ற முகாம்களில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். தம் காணி எங்கே இருக்கிறது என்று தெரிந்தும், அதன் வேலிக்கு வெளியே சில மைல் தூரத்தில் குடிசை போட்டு வாழ்வது ஒரு தனி வகைச் சித்திரவதை. முல்லைத்தீவு கேப்பாப்புலவில் 2017இல் பெண்கள் தெருவோரத்தில் அமர்ந்து, படையினர் வைத்திருந்த தம் காணியைக் கேட்டார்கள். அது அரசியல் போராட்டம்தான். நான் அதை மனநல வைத்தியமாகவும் பார்த்தேன். சும்மா காத்திருப்பவருக்கும் கேட்டுக் காத்திருப்பவருக்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பதினைந்து ஆண்டு கழிந்தும் வைத்தியத்தால் பயன் உண்டா? உண்டு. மனச்சோர்வும் பதகளிப்பும் எவ்வளவு பழையதானாலும் சிகிச்சைக்கு இணங்குபவை. முதலில், 64 வயதில் நெஞ்சு நோவை மனம் என்று ஒதுக்கிவிட முடியாது. இருதயம், தைரொயிட், நீரிழிவு, இரத்தச்சோகை ஆகியவற்றை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்து முடிக்க வேண்டும். அது முடிந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மேலும் மேலும் ஸ்கான் எடுப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு புதிய பரிசோதனையும், இன்னும் கண்டுபிடிக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்ற பயத்தைத்தான் உறுதிப்படுத்தும். அடுத்ததாக, மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். வெறுமனே நித்திரைக்கும் உடம்பு உளைவுக்கும் மருந்து தருவார்கள் என்று சொல்லி அழைத்துப் போவதில் தவறில்லை, அது உண்மையும்கூட.

மனச்சோர்வு என்று வைத்தியர் முடிவு செய்து மருந்து கொடுத்தால், அது வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பலர் பத்தாம் நாளே பலனில்லை என்று குளிசைப் பெட்டியை மூடிவிடுகிறார்கள். வேறு சிலர் சற்றுச் சுகமானதும் நிறுத்திவிடுகிறார்கள். சுகமான பின்பும் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம்வரை தொடர வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இன்னொரு எச்சரிக்கை டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகளைப் பற்றியது. இழப்புத் துயரத்துக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது என்று அதே நிறுவனம் 2013இல் தெளிவாகவே கூறியது. ஆனால் வடக்கில் பல முதியவர்கள் இதை ஆண்டுக்கணக்கில் விழுங்கி வருகிறார்கள். உங்கள் தாயாரும் அப்படியொன்றை எடுத்துவந்தால், திடீரென்று நிறுத்தாமல் வைத்தியரின் மேற்பார்வையில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

பேச்சு வழிச் சிகிச்சையைப் பற்றி ஒரு கருத்து. மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டால் சுகமாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2004 கடற்கோளுக்குப் பிறகு அந்த எண்ணத்தோடு விமானம் ஏறி வந்தவர்கள் ஏராளம். ஒரே அமர்வில் மக்களைக் கதைக்க வைத்துவிட்டு அடுத்த வாரம் போய்விட்டார்கள். அப்படி ஒருமுறை கிளறிவிடுவதை இப்போது எந்த வழிகாட்டியும் பரிந்துரைப்பதில்லை. ஒழுங்காகச் செய்யப்படும் சிகிச்சை வேறு. கடற்கோளாலும் போராலும் பாதிக்கப்பட்ட 31 பிள்ளைகளுக்கு வடகிழக்கில் இரண்டு வகைச் சிகிச்சைகள் அளித்து ஒப்பிட்ட ஆய்வொன்று 2009இல் வெளியானது. ஒரு குழு தம் வாழ்க்கைக் கதையைக் காலவரிசையில் விரிவாகச் சொல்லியது, மற்றக் குழு தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. ஆறு மாதத்தின் பின் முதல் குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாவது குழுவில் 71 விழுக்காட்டினரும் குணமடைந்திருந்தார்கள். எண்ணிக்கை சிறியது என்பதால் இதிலிருந்து அதிகம் நிறுவ முடியாது. இருந்தாலும், பேச விரும்பாதவரைப் பேச வைத்தே தீர வேண்டும் என்பதில்லை என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். மாறாக, யாழ்ப்பாணத்தில் 399 பிள்ளைகளுடன் பாடசாலைகளில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஒரு குழுப் பயிற்சியின் முடிவுகள் கலவையாக இருந்தன. பெண் பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள், பயிற்சி பெறாத பெண் பிள்ளைகளைவிட மெதுவாகவே குறைந்தன. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் தாயாருக்குப் பழக்கமான வழிகளை இழிவாக நினைக்க வேண்டாம். ஓம் என்று மூச்சோடு சேர்த்துச் செபிப்பது, கத்தோலிக்கராயின் செபமாலை, முஸ்லிமாயின் திக்ர் என்று அவரவர் மரபில் ஏற்கெனவே இருக்கும் தளர்வு முறைகளைச் சிகிச்சையில் பயன்படுத்தலாம் என்று சோமசுந்தரமும் எழுதியிருக்கிறார். கோயிலில் திருநீறு போட்டு நூல் கட்டிக்கொண்டு வந்து, அதே கையால் குளிசையையும் விழுங்குபவர்கள் எங்கள் கிளினிக்குகளில் அதிகம். அதனால் எவருக்கும் கெடுதல் நேர்ந்ததை நான் காணவில்லை. குளிசையை நிறுத்து, சங்கிலியால் கட்டு, அடித்துப் பேயை ஓட்டு என்று சொல்பவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். சாவதே மேல் என்ற பேச்சோ, பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடும் போக்கோ தென்பட்டால் தாமதிக்க வேண்டாம். இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களுக்கு 14416. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் பூட்டிவைக்கச் சொல்லுங்கள் அல்லது அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்வியான கனடாவைப் பற்றி எனக்கு உறுதியான ஒரே பதில் இல்லை. ஆனால் இடம் மாறினால் மனம் மாறும் என்ற நம்பிக்கைக்கு எதிரான சான்று எங்கள் மக்களிடமிருந்தே கிடைத்திருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 196 தமிழர்களிடம் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வில், அவர்களுடைய மனவடு அறிகுறிகளில் காணப்பட்ட வேறுபாட்டின் 20 விழுக்காட்டைத் தாயகத்தில் கண்ட கொடுமைகளும், 14 விழுக்காட்டைப் போய்ச் சேர்ந்த நாட்டின் நெருக்கடிகளும் விளக்கின. பாதுகாப்பான நாட்டிலும் விசாக் கவலை, வேலையின்மை, தனிமை ஆகியவை அவ்வளவு பாரமாக இருந்திருக்கின்றன. பனிக்காலத்தில் நான்கு மாதம் வீட்டுக்குள் அடைபட்டு, மகனும் மருமகளும் வேலைக்குப் போன பின் மொழி தெரியாத பேரப்பிள்ளைகளின் வரவுக்காகக் காத்திருக்கும் தாய்மாரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தாயார் வர மறுக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏன் மறுக்கிறார் என்று எழுதவில்லை. ஒருமுறை அவசரமில்லாமல் கேளுங்கள். தம்பி திரும்பி வந்தால் பூட்டிய வீட்டைப் பார்ப்பானே என்பதுதான் காரணம் என்று அவர் சொன்னால், தயவுசெய்து அவன் வரமாட்டான் என்று வாதிடாதீர்கள். வருவான் என்று ஆறுதலும் சொல்லாதீர்கள். நிரந்தரமாக வரச் சொல்வதை விட்டுவிட்டு, வைகாசி கழிந்ததும் மூன்று மாதப் பயணமாக வரச் சொல்லிப் பாருங்கள். திரும்பும் விமானச் சீட்டை முன்னதாகவே வாங்கி அவர் கையில் கொடுங்கள். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். அம்மா எங்கே போயிருக்கிறார், எப்போது வருவார், எந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்று தம்பியின் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி, அந்தச் சாவியுடன் சேர்த்து அவர் கையாலேயே கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.